பெலுஸ் ஆற்றின் மடுக்கள்

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு நீரோடும் ஆறு என்றும், வழி என்றும் இரு பொருள் உண்டு. மனிதர்க்கு இவ்விரு பொருளும் வெவ்வேறாகத் தோன்றலாம். மீனுக்கோ இரண்டும் ஒன்றே. இரை தேடவும், இணை கூடவும், முட்டையிடவும், வெள்ளத்திற்கு ஒதுங்கவும் அதற்கு உள்ள வழி ஆறு ஒன்றுதான். அவ்வழியில் மனிதன் ஒரு தூணை நட்டாலும், ஒரு மதகை வைத்தாலும், ஒரு சுவரை எழுப்பினாலும் மீன் நிற்குமிடம் மாறுகிறது. அது மாறவே, மீன் பிடிப்போர் நிற்குமிடமும் மாறுகிறது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிகழ்ந்துவரும் இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்ப்பெயர்கள் கூறும் செய்தி

மலாய் மொழியில் 'சுங்கை' என்பது ஆறு. 'சிப்புட்' என்பது நத்தை. நத்தையின் பெயர் தாங்கிய சிற்றாறு ஒன்றே ஊருக்குப் பெயராயிற்று. ஆயினும் இவ்வட்டாரத்தின் பேராறு பெலுஸ் ஆகும். பழைய ஆவணங்கள் இதனைப் பிளஸ் என்று எழுதும். தித்திவாங்சா மலைத்தொடரில் தோன்றி, ஜாலோங், லிந்தாங் ஆகிய ஊர்களின் வழியே மேற்கு நோக்கி வரும் இவ்வாறு, கோலகங்சாருக்கு மேலே பேராக் ஆற்றில் கலக்கிறது. பேராக் ஆறோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுடையது. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது.

இவ்வாற்றங்கரை ஊர்ப்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால், பழைய மக்கள் ஆற்றை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பது புலனாகும். 'கோலா' என்பது ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ கலக்குமிடம். கோலகங்சார் அவ்வாறு பெயர்பெற்றது. 'லூபோக்' என்பது ஆற்றின் ஆழ்ந்த குழி. கோலகங்சார் மாவட்டத்தில் லூபோக் மெர்பாவ் என்றோர் ஊர் உண்டு. 'ஜெராம்' என்பது பாறைகளிடையே நீர் விரைந்து பாயுமிடம். 'தெலோக்' வளைவு, 'பாசிர்' மணல். தமிழரும் தம் தாயகத்து ஆறுகளைக் கூடல் என்றும், மடு என்றும், துறை என்றும், படுகை என்றும் பிரித்தறிந்து பெயரிட்டனர். லூபோக்கும் மடுவும் ஒரே பொருளைச் சுட்டும் இருமொழிச் சொற்கள். கரையில் வாழ்ந்தவர்க்கு மீன் எங்கே நிற்கும் என்ற அறிவு உணவோடு ஒட்டியது. ஆகவேதான் அவ்வறிவு ஊர்ப்பெயராகவும் நிலைத்தது.

ஆறு தானே வகுத்த இடங்கள்

மனிதன் கைவைக்காத ஆறு நேர்கோட்டில் ஓடுவதில்லை. வளைவின் வெளிக்கரையை நீர் அரித்து ஆழமாக்கும். உட்கரையில் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆழமான மடுவும் ஆழமில்லாத கல்லோடையும் மாறி மாறி அமையும். கல்லோடையில் நீர் கலங்கிக் காற்றை உட்கொள்ளும். பூச்சிகளும் புழுக்களும் அங்கே பெருகும். மடுவில் வெயிலும் வேகமும் தணியும். மீன் மடுவில் தங்கிக் கல்லோடையில் இரை கொள்ளும். ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் விளிம்பே தூண்டில்காரனுக்கு உகந்த இடம். அங்கே மீன் தன் வலிமையைச் செலவிடாமல் நிற்கலாம். நீர் அடித்துவரும் இரை அதன் வாயருகே வந்து சேரும்.

பெலுஸ் ஆற்றின் மேற்பகுதி தெமியார் மக்களின் தாயகம். 1930களில் எச். டி. நூன் என்னும் ஆங்கிலேய மானிடவியலாளர் பேராக்-கிளந்தான் மலைப்பகுதியில் அவர்களுடைய குடியிருப்புகளை ஆராய்ந்து, 1936இல் தம் அறிக்கையை வெளியிட்டார். தெமியார் மக்கள் மூங்கிற் பொறிகளாலும் வலையாலும் தூண்டிலாலும் மீன் பிடித்தனர். தூபா என்னும் கொடியின் வேரை நசுக்கி நீரில் கலந்து மீனை மயக்கும் வழக்கமும் மலைமக்களிடையே இருந்தது. மலையோடைகளில் கெலா, தெங்காஸ், செபாராவ் ஆகிய மீன்களும், கீழே ஆழ்ந்த நீரில் பாவோங், தாப்பா ஆகிய கெளுத்தி இனங்களும் வாழ்ந்தன. இவற்றுள் பல மீன்கள் ஓரிடத்தில் அடங்கியிருப்பவை அல்ல; பருவத்திற்கேற்ப மேலும் கீழும் இடம் பெயர்பவை. இப்பண்பை மனத்திற் கொண்டால்தான் பிற்கால மாற்றங்களின் பொருள் விளங்கும்.

பாலமும் மதகும்

1877இல் கோலகங்சாரில் ஒன்பது இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அப்போது அவற்றைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. கால் நூற்றாண்டு கழிந்ததும் இரப்பர் இந்நாட்டின் பெருஞ்செல்வமாயிற்று. சுங்கை சிப்புட்டைச் சூழ்ந்த காடுகள் தோட்டங்களாயின; கங்காணிமார் வழியாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தனர். அதற்குச் சற்று முன்னரே இருப்புப்பாதை வந்துவிட்டது. காராய் என்னுமிடத்தில் பேராக் ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் 1897இல் தொடங்கப்பெற்று 1900இல் நிறைவுற்றது.

பாலத்தைக் கட்டியவர்கள் புகைவண்டியை எண்ணினார்களேயன்றி மீனை எண்ணினார்களில்லை. எனினும் ஆற்றின் நடுவே நிற்கும் ஒவ்வொரு தூணும் நீரோட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. தூணின் முன்புறத்தில் நீர் மோதிக் கீழ்நோக்கிச் சென்று அடிமணலைத் தோண்டுகிறது. பின்புறத்தில் சுழலும் அமைதியும் உண்டாகின்றன. ஆறு பல்லாண்டு முயன்று வளைவிலே செய்யும் வேலையைத் தூண் சில வெள்ளங்களிலேயே செய்து முடிக்கிறது. இவ்வாறு 'பாலத்தடி' என்பது மீன்பிடிப்போர் வழக்கில் ஓர் இடப்பெயராயிற்று. நீரின் வழியைத் தூண் அடைப்பதில்லை. அதனால் மீனுக்கு அது பகையுமில்லை, ஒரு நிழலாகவே உதவிற்று.

தோட்டங்களின் சிறுகட்டுமானங்கள் வேறு வகையின. இரப்பர் பால் உறைவிக்கவும் தாளாக உருட்டவும் நல்ல நீர் மிகுதியாக வேண்டும். குடியிருப்புகளுக்கும் நீர் வேண்டும். அதனால் ஓடைகளில் சிறு தடுப்பணைகள் எழுந்தன; பம்பு வீடுகள் அமைந்தன; செம்மண் சாலைகளின் கீழே குழாய் மதகுகள் புதைக்கப்பட்டன. தாழ்ந்த நிலங்களில் நீரை வடிக்க நேரான வாய்க்கால்கள் வெட்டப்பட்டன.

தடுப்பணையின் மேலிருந்து விழும் நீர் கீழே குழி பறிக்கும்; அக்குழியில் மீன் திரளும். குழாய் மதகின் வாய் ஓடையின் மட்டத்தைவிட உயர்ந்து நின்றால், அதன் வழியே சிறுமீன் மேலேற இயலாது, மதகடியில் தங்கிவிடும். நேரான வாய்க்காலிலோ மடுவுமில்லை, கல்லோடையுமில்லை. ஆற்று மீன் அங்கே நிலைப்பதில்லை. ஆனால் விராலும் பனையேறிக் கெண்டையும் தேங்கிய நீரிலும் உயிர்வாழ வல்லவை. நேரே காற்றைச் சுவாசிப்பவை. அவை அவ்வாய்க்கால்களைத் தம் உறைவிடமாக்கிக்கொண்டன. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் கூடையும் தூண்டிலுமாகச் சென்ற இடங்கள் பெரும்பாலும் இவையே.

ஈயமும் சேறும்

தெற்கே கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் பெருகின. வலிய நீர்ப்பீச்சால் மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரிக்கும் முறையில், எஞ்சிய மணலும் சேறும் ஆறுகளைச் சென்றடைந்தன. ஆற்றின் படுகை உயர்ந்தது, மடுக்கள் தூர்ந்தன, சிறு மழைக்கும் கரை வழிந்தது. கலங்கிய நீரில் மீன் முட்டைகள் சேற்றால் மூடுண்டு அழிந்தன. பேராக்கில் 1926ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பெருவெள்ளம் ஆறுகளின் நிலையை அரசுக்கு உணர்த்திற்று. 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தனித் துறையாக அமைக்கப்பட்டது. கரைகளை உயர்த்துதல், வளைவுகளை வெட்டி நேராக்குதல், நீர்மட்டத்தை அளத்தல் ஆகிய பணிகள் முறைப்பட்டன. வெள்ளத்தை விரைந்து வெளியேற்ற நேரான ஆறு உதவியது. ஆனால் வளைவு போன இடத்தில் மடுவும் போயிற்று.

செண்டரோ அணை

ஈயக் கப்பல்களுக்கும் சுரங்கப் பொறிகளுக்கும் மின்னாற்றல் தேவைப்பட்டது. அதன் பொருட்டு, பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி கோலகங்சாருக்கு வடக்கே செண்டரோவில் அணை கட்டியது. 1930இல் அது செயற்படத் தொடங்கியது. பேராக் ஆற்றின் முதன்மை ஓட்டத்தைக் கரைக்குக் கரை மறித்த முதற் பேரணை இதுவே.

இவ்வணைக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கருதுவதில்லை. பெலுஸ் ஆறு பேராக் ஆற்றில் கலக்குமிடம் செண்டரோவுக்குக் கீழே உள்ளது. கீழிருந்து பேராக் ஆற்றில் ஏறிவரும் மீன் கூட்டம் அணைச்சுவரை முட்டி நிற்கும். பெலுஸ் ஆற்றில் திரும்பினால் மலைவரை செல்லலாம். 1930க்குப் பின்னர், மலைக்குச் செல்லும் பெருவழிகளுள் திறந்திருந்த ஒன்றாகப் பெலுஸ் சிறப்புற்றது.

பேராக் ஆற்றுக்கே பெருமை சேர்த்த மீன் தெமோலே. இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பொன்னிற மேனியில் நீளவாட்டில் கருங்கோடுகள் கொண்டது. ஒரு மீட்டருக்கும் மேலாக வளர வல்லது. மேக்கோங், பகாங், பேராக் ஆகிய ஆறுகளில் வாழும் இம்மீன், முட்டையிட ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்லும் இயல்புடையது. வழி மறிக்கப்பட்டதும், மிகையாகப் பிடிக்கப்பட்டதும் இதன் தொகையைக் குறைத்தன. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கையின் முதற் பட்டியலில் 1975இலேயே இம்மீன் இடம்பெற்றது.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அணை எழுந்த தொடக்கக் காலத்தில் அணையடியில் மீன் குறைவதில்லை, மிகுகிறது. மேலே செல்ல முடியாத கூட்டம் அங்கே தேங்கி நிற்கிறது. வலை வீசியவன் கை நிறைகிறது. 'அணை வந்தது, மீன் பெருகிற்று' என்று மக்கள் மகிழ்கின்றனர். ஆனால் அது பெருக்கம் அன்று. ஒரு நெடுவழியில் பரவியிருக்க வேண்டிய மீன் ஒரே முற்றத்தில் குவிந்த நெருக்கமாகும். அவ்வாண்டு முட்டையிடாது போன தலைமுறையின் இழப்பு சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அப்போது காரணத்தை நினைப்பார் இரார்.

கொள்ளிடக் கரையின் பாடம்

இவ்வுண்மை தமிழகத்தில் அதற்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836இல் கொள்ளிடத்தில் மேலணையையும் கீழணையையும் அமைத்தார். தஞ்சை வயல்கள் செழித்தன. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்ல மீனுக்குக் கீழணை தடையாயிற்று. அணையடியில் திரண்ட உல்லம் எளிதாகப் பிடிபட்டது. பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் 1873இல் இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதிய அறிக்கையில், இத்தகைய அணைகள் மீன்வளத்திற்கு விளைக்கும் கேட்டை எடுத்துரைத்து, மீன் ஏறுவதற்கு வழிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றதும், புதுவெள்ளம் கீழே இறங்குவது குறைந்து உல்லத்தின் வரவு மேலும் தேய்ந்தது.

இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தமிழருட் பலர் திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மதகு, கலிங்கு, மடை, வாய்க்கால் ஆகிய சொற்களைத் தாய்ப்பாலோடு அறிந்தவர்கள். இவர்கள் பேராக் கரையில் கண்டது புதிய ஆறாயினும், அங்கே நிகழ்ந்தது பழைய கதைதான். டே எழுதிய எச்சரிக்கை செண்டரோ கட்டப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அச்சில் இருந்தது. அதே பேரரசின் ஒரு மூலையில் கற்ற பாடம் மற்றொரு மூலைக்குச் சென்று சேரவில்லை.

பஞ்சக் காலமும் நெருக்கடிக் காலமும்

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆடவர் பலர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மரவள்ளிக் கிழங்கே உணவாகிய அந்நாளில், பெண்டிரும் சிறுவரும் ஓடையிலும் வாய்க்காலிலும் பிடித்த மீன் குடும்பங்களுக்கு உயிர்த்துணையாயிற்று. திலாப்பியா மீன் இந்நாட்டிற்கு வந்ததும் அக்காலத்திலேதான். மதகுக் குட்டையோ கைவிடப்பட்ட ஈயக் குளமோ எதுவாயினும் அது பெருகும். ஆற்று மீன் வாழ இயலாத நீரில் அதுவே நிறைந்தது.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. ஊரடங்கு வந்தது, காட்டோரக் குடியேறிகள் புதுக்கிராமங்களில் அடைக்கப்பட்டனர், உணவுப் பொருள் எடுத்துச் செல்வதற்குக் கடுங்கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பெலுஸ் மேற்பகுதியில் லெகாப் கோட்டை எழுந்தது. அந்தி மயங்கும் வேளையே மீன் நன்கு கடிக்கும் வேளை. அந்த வேளையில் ஆற்றங்கரையில் நிற்பது உயிருக்கு இடராயிற்று. தொலைவிலிருந்த மடுக்கள் பல ஆண்டுகள் மக்கள் காலடி படாமல் கிடந்தன. தந்தை மகனுக்குக் காட்டி வந்த இடங்களை அந்தத் தலைமுறை நேரிற் காணாமலே வளர்ந்தது.

புதிய அணைகள், புதிய ஏரிகள்

1970களில் பேராக் ஆற்றின் தலைப்பகுதியில் தெமெங்கோர் அணை எழுந்தது. அடுத்த பத்தாண்டின் முற்பகுதியில் பெர்சியா, கெனெரிங் அணைகள் அதனைத் தொடர்ந்தன. மின்சாரத்தோடு வெள்ளத் தடுப்பும் இவற்றின் பயனாகும். தெமெங்கோர் ஏரி இன்று தூண்டில் விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. தோமான், செபாராவ் முதலிய மீன்கள் அங்கே மிகுதி. அணை மீனை முற்றிலும் அழிப்பதில்லை. மீன் இனத்தைத் தேர்ந்தெடுக்கிறது எனலாம். தேங்கிய நீரை ஏற்கும் மீன் பெருகும். ஓடும் நீரை நாடும் மீன் ஒதுங்கும்.

1993இல் பெலுஸ் ஆற்றின் மேற்பகுதி மலைகளிலேயே சுங்கை பியா நீர்மின் திட்டம் செயற்பட்டது. பேரேரி ஒன்றை உண்டாக்காமல், மலையோடைகளின் நீரைச் சிறு தடுப்புகளால் திருப்பி, சுரங்க வழியாக மின்னிலையங்களுக்குக் கொண்டுசெல்வது இதன் முறை. ஊர்கள் மூழ்கும் துன்பம் இதில் இல்லை. ஆனால் தடுப்புக்கும் மின்னிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடையில் நீர் குறைவதும், ஏறிவரும் மீனுக்குத் தடுப்பு ஓர் எல்லையாவதும் இத்தகைய திட்டங்களின் இயல்பு. திறந்திருந்த வழியும் இவ்வாறு ஓரளவு சுருங்கிற்று.

வழிவிடும் முயற்சிகள்

பிற நாடுகளில் அணைகளில் மீனேணி அமைப்பதுண்டு. அமெரிக்காவில் 1938இல் நிறைவுற்ற பானவில் அணையில் சால்மன் மீன் ஏறுவதற்குப் படிக்கட்டுகள் அமைத்தனர். சால்மன் துள்ளி ஏறும் மீன். நம் ஆற்றுக் கெண்டை இனங்களும் கெளுத்தி இனங்களும் அவ்வாறு துள்ளுவன அல்ல. தாய்லாந்தில் 1994இல் கட்டிமுடிக்கப்பட்ட பாக் மூன் அணையில் அமைத்த மீனேணி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. கரையோர மக்கள் பல்லாண்டு போராடிய பின், 2001இல் அவ்வணையின் கதவுகள் திறந்துவிடப்பட்டன. வராதிருந்த மீன் இனங்கள் பல மீண்டும் மேலேறி வந்தன. மீன் வழியை மறப்பதில்லை என்பதை இது காட்டுகிறது. மறிக்கும் அமைப்பு எதுவாயினும், எந்த மீனுக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு வழி வேண்டும் என்பதை முன்னரே ஆராய்ந்து அமைத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டங்கள் தோன்றின. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ், செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு 1977இலும், இரப்பர் ஆலைக் கழிவுநீருக்கு 1978இலும் விதிகள் வந்தன. 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வெடியும் நஞ்சும் மின்சாரமும் கொண்டு மீன் பிடிப்பதைத் தடை செய்தது. இவை நீரின் தூய்மையையும் மீன்பிடி முறையையும் காப்பவை. ஆற்றின் வடிவத்தையும் மீனின் வழியையும் காக்கும் எண்ணம் இவற்றோடு சேர்தல் வேண்டும்.

எஞ்சியிருப்பது

சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று பழைய நிலையில் இல்லை. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துள்ளன. தொழிலாளர் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்துவிட்டன. அவர்களோடு பம்பு வீட்டு மடு, மதகடிக் குட்டை, பாலத்தடி என்று அவர்கள் வழங்கிய பெயர்களும் பெயர்ந்துவிட்டன. மலாய் மக்கள் இட்ட லூபோக்கும் ஜெராமும் நிலப்படத்தில் ஏறின. தெமியார் மக்களின் பெயர்களுட் சிலவற்றை ஆய்வாளர் எழுதிவைத்தனர். தோட்டத் தமிழர் இட்ட பெயர்களை எழுதிவைப்பார் இல்லை.

இதனை வெறும் பெயரிழப்பு என்று ஒதுக்குதல் தகாது. 'இங்கே முன்பு ஆள் முழுகும் ஆழம் இருந்தது', 'இந்த மதகு வைத்த பிறகே மேலோடையில் மீன் ஒழிந்தது' என்று ஒரு முதியவர் கூறுவாராயின், அது ஆற்றின் வரலாற்றுக்கு ஒரு சான்று. நீர்மட்டக் கருவி நீரின் உயரத்தைக் கூறும். மீன் எப்போது வராமற் போயிற்று என்பதைக் கரையில் நின்றவரே கூற இயலும். அத்தகையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

தமிழாசிரியர்கள் இப்பணியை மேற்கொள்ள இயலும். உயர்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டிமாரை அணுகி, அவர்கள் மீன் பிடித்த இடத்தின் பெயர், அங்கிருந்த பாலம் அல்லது மதகு, கிடைத்த மீன், அது நின்றுபோன காலம் ஆகிய நான்கையும் ஏட்டில் எழுதிவரச் செய்யலாம். பத்து ஏடுகள் சேர்ந்தால் ஓர் ஓடையின் வரலாறு உருவாகும். நூறு சேர்ந்தால் பெலுஸ் ஆற்றின் ஒரு கரையே எழுந்து நிற்கும். நாளை அந்த ஆற்றில் மற்றொரு சுவரை எழுப்ப நினைப்போர் முன், இங்கே ஒரு வழி இருந்தது என்று எடுத்துக்காட்ட அந்த ஏடுகள் பயன்படும்.